கார்பன் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டுவது எப்படி: குழாயை நெரிக்காமல் வேலை பார்க்க ஒரு வழிகாட்டி

ஒரு கையில் ஆலன் கீயை வைத்துக்கொண்டு அவசரமாகப் படிப்பவர்களுக்காக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்பன் பிரேமின் எந்தக் குழாயையும், வேலை பார்க்கச் சைக்கிளைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டின் கிளாம்ப் (கவ்வும் பிடி) வாயில் கொடுக்காதீர்கள். சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டைக் கொடுங்கள். சீட் போஸ்டைப் பிடிக்க வழியில்லாத சைக்கிள் என்றால், முன் ஃபோர்க்கையும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பாட்டம் பிராக்கெட்டையும் (பெடல் கைகளின் அச்சு சுழலும் இடம்) தாங்கிப் பிடிக்கும் ஆக்சில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். நேரம் இருப்பவர்கள் மீதியையும் படியுங்கள்; ஒவ்வொரு படியிலும் தவறு நடக்க ஓர் இடம் இருக்கிறது.

நான் இதைக் கற்றுக்கொண்டது நண்பர் ஒருவரின் சைக்கிளில். செயினும் பிரேக் பேடும் மாற்றித் தருகிறேன் என்று வீட்டுக்கு வாங்கி வந்திருந்தேன். அதுவரை என் கைபட்டதெல்லாம் இரும்பும் அலுமினியமும்தான். அதே பழக்கத்தில் டாப் டியூபை, அதாவது பிரேமின் மேல் குழாயை, கிளாம்பில் வைத்துத் திருகினேன். காய்ந்த பனையோலையை மிதித்தது போல மெல்லிய ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தபோது பெயின்டில் ஒரு நகத்தளவு கோடு. விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் லேசாக உள்ளே போய் வந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. பிரேமைச் சரிசெய்துவிட முடிந்தது, ஆனால் அவர் பல வாரம் சைக்கிள் இல்லாமல் இருந்தார்.

ஆள் ஏறினால் தாங்கும் குழாய் கிளாம்பில் ஏன் உடைகிறது?

80 கிலோ ஆள் ஏறி மேடு பள்ளத்தில் ஓட்டினாலும் அசையாத பிரேம், கைத்திருகலுக்கு உடைகிறது என்றால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். மூங்கிலை நினைத்துப் பாருங்கள். சாரம் கட்டி ஐந்து மாடி உயரத்துக்கு ஆட்கள் ஏறி நிற்கிறார்கள், மூங்கில் தாங்குகிறது. அதே மூங்கிலை இரும்புப் பட்டறையின் வைஸில் வைத்து இறுக்குங்கள், நீளவாக்கில் பிளந்துகொள்ளும். நாரின் வலு நார் ஓடும் திசையில் இருக்கிறது. பக்கவாட்டில் நசுக்கும்போது நாருக்கும் நாருக்கும் இடையே இருக்கும் பசைதான் தாங்க வேண்டியிருக்கிறது.

கார்பன் பிரேமும் அப்படித்தான். ஒரு கார்பன் இழை 5 முதல் 7 மைக்ரான் தடிமன். தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட இழைகளின் விரிப்புகளை எப்பாக்ஸி பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் வெவ்வேறு கோணத்தில் வைத்து, அச்சில் சூடாக்கி எடுக்கிறார்கள். எந்தப் பக்கமிருந்து எவ்வளவு பாரம் வரும் என்று கணக்கிட்டுத்தான் அந்தக் கோணங்களை முடிவு செய்கிறார்கள். ஓட்டுபவரின் எடை, மிதிக்கும் விசை, சாலையின் அதிர்ச்சி எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. டாப் டியூபின் நடுவில் இரண்டு ரப்பர் பற்கள் எதிரெதிராக நெரிக்கும் என்பது கணக்கில் இல்லை. எடையைக் குறைக்க அங்கே சுவரை மெலிதாக்குகிறார்கள். எடை குறைந்த பிரேம்களில் சில இடங்களில் 1 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும்.

இன்னொரு விஷயம், இதுதான் கார்பனை உலோகத்திலிருந்து பிரிப்பது. இரும்புக் குழாயை அளவுக்கு மீறி நெரித்தால் சொட்டை விழும், கண்ணுக்குத் தெரியும். கார்பனில் வெளித்தோல் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டு, உள்ளே அடுக்குகள் மட்டும் வாழைத்தண்டின் பட்டை போலத் தனித்தனியாக விலகியிருக்கலாம். வெளியில் ஒன்றும் தெரியாமல் நீங்கள் அதை ஓட்டிக்கொண்டு போவீர்கள்.

கிளாம்பின் திருகும் நெம்புகோலும் உங்கள் கை வலுவைப் பல மடங்காக்கும் கருவிகள். இரண்டு விரலால் திருகுகிறோம், இதில் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு இங்கே உதவாது.

டாப் டியூபைப் பிடிக்கும் வழக்கம் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில், சைக்கிள் கடை நடத்திய இருவர் நாள் முழுதும் குனிந்து வேலை பார்த்து முதுகு நோக, தங்களுக்கென்று ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டார்கள். அதிலிருந்து 1963-ல் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுதும் நீல நிறக் கைப்பிடிகளால் அடையாளம் தெரியும் பார்க் டூல் கம்பெனி. அன்றைய சைக்கிள்கள் கனமான எஃகு. எங்கே பிடித்தாலும் தாங்கும். 1986 டூர் த பிரான்ஸில் கிரெக் லெமான்ட் கார்பன் குழாய் பிரேமில் வென்றபோது கூட அது போட்டிக்காரர்களின் சமாச்சாரமாகவே இருந்தது. இன்று ஈசிஆரில் ஞாயிறு காலை பத்து சைக்கிள் போனால் சில கார்பன்தான். கைப்பழக்கம் மட்டும் எஃகு காலத்திலேயே நிற்கிறது. உங்கள் சைக்கிளைக் கடையில் விடும்போது, "சீட் போஸ்டில் மட்டும் மாட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நல்ல மெக்கானிக் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாட்டும் முன் உங்கள் சைக்கிளைப் படியுங்கள்

எல்லாச் சீட் போஸ்டும் ஒன்றல்ல. கீழே குனிந்து ஒரு நிமிடம் பாருங்கள்.

உருண்டையான அலுமினியப் போஸ்ட் என்றால் கவலையே இல்லை. 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் என்று அளவு கீழ்ப்பகுதியில் பொறித்திருக்கும். கிளாம்புக்கு அது சுகமான பிடி.

உருண்டையான கார்பன் போஸ்ட் என்றால், லேசான பிடிக்குப் பெரும்பாலும் தாங்கும். குழாயைவிடச் சுவர் தடிமன், தவிர அது மாற்றக்கூடிய பாகம். ஆனாலும் உங்கள் சைக்கிளின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள், அதுவே இறுதி. என் வழி வேறு: அதே அளவில் மலிவான அலுமினியப் போஸ்ட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வேலை நாளில் கார்பன் போஸ்டை சீட்டோடு உருவி ஓரமாக வைத்துவிட்டு இதைச் சொருகிக் கிளாம்பில் கொடுப்பேன். கார்பன் சைக்கிளுக்காக நான் வாங்கியதில் இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு நிம்மதி தந்த பொருள் வேறில்லை.

அந்த மாற்றுப் போஸ்டை வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியமும் கார்பனும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்து, பூத்து, குழாயோடு இறுகிவிடும். வியர்வையும் கடற்காற்றும் சேரும் சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி போன்ற ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். இறுகிய போஸ்டைப் பிரேம் சேதமில்லாமல் எடுப்பது பெரும்பாடு.

போஸ்ட் தட்டையாகவோ, பின்பக்கம் வெட்டியது போல் ‘டி’ வடிவிலோ, காற்றைக் கிழிக்கும் இறக்கை வடிவிலோ இருந்தால் சாதாரணக் கிளாம்ப் வேண்டாம். உருண்டைக்குச் செய்த வாய் அதன் ஓரங்களில் மட்டும் கடிக்கும். போஸ்டே இல்லாமல் பிரேமின் சீட் டியூபே நேராக மேலே நீண்டு சீட்டைத் தாங்குகிறதா? அது பிரேம்தான், போஸ்ட் அல்ல. இவ்விரண்டுக்கும் ஆக்சில் ஸ்டாண்டே வழி.

மலைப்பாதை சைக்கிள்களில் பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் ட்ராப்பர் போஸ்ட் இருக்கும். அதில் ஏறி இறங்கும் பளபளப்பான உள்தண்டைப் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அதன் சீல் போய்விடும். அசையாத வெளிக்குழலைப் பிரேமிலிருந்து கொஞ்சம் உயர்த்தி அதைப் பிடிக்கலாம். அதற்குமுன் உள்ளே ஓடும் கேபிளுக்கு நீளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மின்சார கியர் வைத்த சைக்கிள்கள் பலவற்றில் பேட்டரி சீட் போஸ்டுக்குள்ளேயே இருக்கும். போஸ்டை ஒரேயடியாக உருவினால் கூடவே ஒயரும் இழுபடும். மெதுவாகத் தூக்கி, ஒயர் தெரிந்ததும் கையால் கழற்றுங்கள்.

சீட் போஸ்டில் மாட்டுவது, படிப்படியாக

1. சுமையை இறக்குங்கள். தண்ணீர் பாட்டில், சீட் பை, பின் விளக்கு, பம்பு எல்லாம் கழற்றுங்கள். சங்கிலியைப் பின்னால் ஆகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், சக்கரம் கழற்ற எளிது.

2. உயரத்தைக் குறியுங்கள். பிரேமிலிருந்து போஸ்ட் வெளியே வரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை உள்ள அளவையும் எடுத்து எழுதி வையுங்கள். டேப் உரிந்தாலும் எண் இருக்கும். 5 மில்லிமீட்டர் மாறினால் கூட நீண்ட தூரம் ஓட்டுபவர்களின் முழங்கால் சொல்லிவிடும்.

3. போஸ்டை உயர்த்துங்கள். கிளாம்ப் வாயின் அகலம் பெரும்பாலும் ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். அது முழுதாக உட்காரப் போஸ்டில் குறைந்தது 10 சென்டிமீட்டர் வெற்றிடம் வேண்டும். ஏற்கெனவே இருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். உயர்த்த வேண்டுமானால் போஸ்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியக் கூடாது. இங்கே அலட்சியம் வேண்டாம்: சைக்கிளின் மொத்த எடையும் அந்தச் சிறு செருகலில்தான் தொங்கப்போகிறது. செருகல் போதாவிட்டால் சீட் டியூபின் வாய்தான் விரியும்.

4. சீட் காலரை, அதாவது பிரேமின் வாயில் போஸ்டை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை, மறுபடி இறுக்குங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணுக்கு, அதற்கு மேல் வேண்டாம். கார்பன் பிரேம்களில் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர். கை அளவில் இதைச் சரியாக உணர முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். போஸ்ட் வழுக்கினால் இன்னும் இறுக்கத் தோன்றும். அதற்குப் பதில் கார்பன் பேஸ்ட் தடவுங்கள். அதில் இருக்கும் நுண்மணிகள் உராய்வைக் கூட்டும், குறைந்த இறுக்கத்திலேயே பிடிக்கும். கிரீஸ் தடவக் கூடாது.

5. ஸ்டாண்டை நிறுத்துங்கள். சமதரையில், கால்களை முழுதாக விரித்து. மூன்று கால் ஸ்டாண்டு என்றால் ஒரு கால், கிளாம்ப் நீட்டியிருக்கும் திசையில், சைக்கிளின் அடியில் வர வேண்டும். சைக்கிளின் எடை இரண்டு காலுக்கு நடுவே விழும்படி வைத்தால் கவிழும். மொட்டை மாடியில் மழைநீர் ஓடச் சரிவு விட்டிருப்பார்கள். அங்கே ஸ்டாண்டைப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

6. துடையுங்கள். கிளாம்பின் ரப்பர் பற்களையும் போஸ்டையும். இதை யாரும் செய்வதில்லை, நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். ரப்பரில் பதிந்த ஒரு மணல் துகள் போதும், போஸ்டில் சுற்றுக்கீறல் போட. கார்பன் பேஸ்ட் வெளியே வழிந்திருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணி ஒரு சுற்று. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத துணியாக இருக்கட்டும்.

7. கிளாம்பின் கோணத்தை முன்பே சரிசெய்யுங்கள். சீட் போஸ்ட் செங்குத்தாக நிற்பதில்லை. ரோடு பைக்கில் தரையோடு ஏறத்தாழ 73 டிகிரி சாய்ந்திருக்கும். கிளாம்ப் வாயும் அதே சாய்வில் இருந்தால்தான் முழு அகலத்தில் உட்காரும். இல்லாவிட்டால் மேல் ஓரமும் கீழ் ஓரமும் மட்டும் கடித்து, பரவ வேண்டிய அழுத்தம் இரண்டு கோட்டில் குவியும். சைக்கிளைத் தூக்கிய பிறகு கோணம் தேடக் கூடாது.

8. தூக்கி வையுங்கள். சைக்கிளின் சங்கிலிப் பக்கம் உங்களைப் பார்க்க, ஸ்டாண்டு மறுபக்கம் இருக்கட்டும். டாப் டியூபைக் கையால் பிடித்துத் தூக்குவதில் தவறில்லை. ஒரு கை எடையைத் தாங்க, போஸ்டை வாய்க்குள் கொண்டுபோய் மறு கையால் மூடுங்கள். முதல் சில தடவை இன்னொருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

9. இறுக்குவது. நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது முக்கியம். எடையை ஒரு கையில் தாங்கியபடியே, விரல் நுனியால் திருகுங்கள். ரப்பர் தொட்டதும் நிறுத்தி, இன்னும் ஒரு கால் சுற்று. இப்போது தாங்கும் கையை மெதுவாகத் தளர்த்துங்கள். சறுக்குகிறதா? இன்னும் கொஞ்சம். சறுக்கல் நின்ற இடமே அளவு. ‘பாதுகாப்புக்காக’ ஒரு சுற்று கூடத் திருகாதீர்கள். அந்தச் சுற்றில்தான் நான் நண்பரின் பிரேமை உடைத்தேன். லேசாக இறுக்கியும் சறுக்கினால் துணியில் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம், துணியை மாற்றுங்கள்.

10. மூக்கை அடக்குங்கள். பின்னால் பிடித்திருப்பதால் முன்பக்கம் கீழே தொங்கப் பார்க்கும், ஹேண்டில்பார் திரும்பி ஆடும். ஹேண்டில்பார் ஆடாமல் இருக்க முன் சக்கரத்தையும் டவுன் டியூபையும் (பிரேமின் கீழ்ச்சாய்வுக் குழாய்) ஒரு துணிப்பட்டையால் தளர்வாகச் சேர்த்துக் கட்டினால் போதும். தொங்கலை நிறுத்துவது கிளாம்ப் தலையின் சுழல் பூட்டு. போஸ்டைக் கடிக்கும் வாயை இறுக்கி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். பின் சக்கரத்தைக் கழற்றும்போது எடை சட்டென்று முன்பக்கம் போகும். முதலில் ஒரு கையை டாப் டியூபின் அடியில் கொடுத்துவிட்டு ஆக்சிலை (சக்கரத்தின் அச்சு) திருகுங்கள்.

பேட்டரி சைக்கிள் என்றால் ஒரு வார்த்தை: 20 கிலோவைத் தாண்டுபவை பல. ஸ்டாண்டு எவ்வளவு தாங்கும் என்று அதன் பெட்டியில் பாருங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், இருவராகத் தூக்குங்கள்.

ஆக்சில் ஸ்டாண்டு

போட்டி அணிகளின் மெக்கானிக்குகள் பயன்படுத்துவது இதைத்தான். இதில் எதையும் நெரிப்பதில்லை. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கின் முனைகளை ஸ்டாண்டின் ஆக்சிலில் பூட்டுகிறோம்; பாட்டம் பிராக்கெட் ஒரு ரப்பர் தொட்டிலில் அமர்கிறது. ஓட்டும்போது உங்கள் எடையைத் தாங்கும் இடங்களே இவை. ஆகவே பிரேமுக்குப் பழகிய பாரம்தான். சீட் போஸ்ட் எந்த வடிவில் இருந்தாலும் கவலையில்லை. வீட்டில் கார்பன் சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர் புதிதாக ஸ்டாண்டு வாங்குவதானால் இதையே வாங்கச் சொல்வேன்.

முதலில் அடாப்டர் பொருந்துகிறதா பாருங்கள். பழைய ரிம் பிரேக் சைக்கிள்களில் முன் ஃபோர்க்குக்கு 9 மில்லிமீட்டர் திறந்த பள்ளம், 100 மில்லிமீட்டர் அகலம். டிஸ்க் பிரேக் ரோடு பைக்கில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் துளை, அதே 100 அகலம். மலைப்பாதை சைக்கிளில் 15-ம் 110-ம் வரும். 15 துளையில் 12 தண்டைப் போட்டால் ஆடும். ஆடும் இடம் தேயும்.

டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் கழற்றியதும் காலிப்பருக்குள் (பிரேக் பேடுகள் இருக்கும் பகுதி) பிளாஸ்டிக் தடுப்பைச் சொருகுங்கள். இல்லையென்றால் மடித்த அட்டை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம். சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக் பிடித்தால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டம் பிராக்கெட்டைத் தொட்டிலில் வைக்கும் முன் அதன் அடியைப் பாருங்கள். கேபிள் கியர் சைக்கிள்கள் பலவற்றில் பிளாஸ்டிக் வழிகாட்டி ஒன்றின் மேல் கேபிள் அடியில் ஓடும். தொட்டில் அதை அழுத்தினால் கேபிள் இழுபட்டு, நீங்கள் ஸ்டாண்டில் கச்சிதமாக டியூன் செய்த கியர் தரையில் இறக்கியதும் தடுமாறும். எங்கே தவறு என்று தெரியாமல் மணிக்கணக்காகத் தேடுவீர்கள். தொட்டிலைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்துங்கள், அல்லது கேபிளுக்கு இருபுறமும் ரப்பர் துண்டு வைத்து உயர்த்துங்கள்.

பிறகு ஃபோர்க்கைப் பூட்டி, டவுன் டியூபின் மேல் பட்டையைப் போடுங்கள். பட்டையின் வேலை சைக்கிள் துள்ளாமல் பார்ப்பது, இழுத்துக் கட்டுவதல்ல. ஃபோர்க்கைப் பூட்டும் நெம்புகோலும் சக்கரத்தை இறுக்கும் அளவே இறுகட்டும்.

ஸ்டாண்டில் செய்யக் கூடாதவை

கியர் டியூன் செய்வது, சங்கிலி கழுவுவது, பேடு மாற்றுவது, ஹேண்டில்பார் டேப் சுற்றுவது போன்ற வேலைகளுக்குத்தான் ஸ்டாண்டு. வலுவெல்லாம் சேர்த்து நெம்பும் வேலைக்கு இறக்கிவிடுங்கள். பெடல் 35 முதல் 40 நியூட்டன் மீட்டரில் இறுகியிருக்கும். துரு சேர்ந்தால் இன்னும் அதிகம். ஸ்ராம் கம்பெனியின் சில கிராங்குகளில் (பெடலைத் தாங்கும் கைகள்) போல்ட் 54. அந்த விசையைத் தொங்கும் சைக்கிளில் கொடுத்தால், அது சீட் டியூபின் வாயிலோ ஃபோர்க்கின் முனையிலோ போய்த்தான் முடியும். தரையில் இரு சக்கரத்தில் நிறுத்தி, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, பெடலைக் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காருக்குப் பின்னால் மாட்டும் கேரியருக்கும் இதே விதி. டாப் டியூபைக் கவ்விப் பிடிக்கும் வகை கார்பனுக்கு ஆகாது. சக்கரத்தைப் பிடிக்கும் வகை வாங்குங்கள்.

ஸ்டாண்டே இல்லையென்றால்

பழைய வீடுகளில் கூடத்தில் ஊஞ்சல் கொக்கிகள் இருக்கும். ஓர் ஊஞ்சலும் இருவரும் ஆடினால் தாங்கும் கொக்கி. ஏழெட்டுக் கிலோ சைக்கிள் அதற்கு ஒரு பொருட்டல்ல. தடித்த நூல் கயிற்றாலோ பழைய சைக்கிள் டியூபாலோ இரண்டு வளையம் செய்யுங்கள். ஒன்று சீட்டின் மூக்கின் அடியிலும் மற்றொன்று ஹேண்டில்பாரில் ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) இருபுறமும் வரட்டும். பிரேக் ஹோஸும் கேபிளும் கயிற்றுக்குள் மாட்டாமல் ஒதுக்கிவிடுங்கள். பின் சக்கரம் ஓர் அடி உயரத்தில் தொங்கினால் போதும். ஆடும் என்பதால் நுணுக்க வேலைக்கு ஆகாது. சங்கிலி துடைக்கவும் கியர் பார்க்கவும் அருமையாக இருக்கும். துணி காயப்போடும் கம்பியில் மட்டும் இதை முயலாதீர்கள்.

நம் பஞ்சர் கடைகளில் செய்வது போலச் சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படக் கவிழ்த்து வைக்கலாமா என்று கேட்பார்கள். பிரேமுக்கு அதனால் கேடில்லை. பிரேக் லீவரின் தலை உரசும், கம்ப்யூட்டர் மவுன்ட் உடையும், ஹைட்ராலிக் பிரேக்கில் காற்றுக்குமிழி இடம் மாறி லீவர் மெத்தென்று ஆகலாம். சாலையோரத்தில் டியூப் மாற்ற வேறு வழியில்லை என்றால் கீழே ஒரு துணி விரித்துச் செய்யுங்கள்.

குழாயை நெரித்துவிட்டீர்களா?

உங்களால் நடந்திருக்கலாம், கடையில் நடந்திருக்கலாம், வாங்கிய பழைய சைக்கிளில் முன்பே நடந்திருக்கலாம். நன்றாகக் கழுவி உலர்த்தி, இருட்டறையில் டார்ச்சைக் குழாயோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே போங்கள். நூல் எங்காவது சிக்கினால் அங்கே இழை வெளியே வந்திருக்கிறது. வெறும் விரலால் தடவாதீர்கள், அந்த இழை முள்ளாகக் குத்தும்.

பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள். நல்ல இடத்தில் ‘டிக் டிக்’ என்று சுருக்கமாக, கூர்மையாகக் கேட்கும். அடுக்கு விலகிய இடத்தில் ஊறிய பலகையைத் தட்டியது போல ‘டொப்’ என்று மங்கும். சுவரின் தடிமன் மாறினாலும் சத்தம் மாறும், ஆகவே அதே குழாயில் நெரித்த இடத்துக்குச் சற்று முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒப்பிடுங்கள். விரலால் அழுத்தி, அந்த இடம் மட்டும் மெத்தென்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் ஓட்ட வேண்டாம். ‘ஒரு சின்ன ரவுண்டு போய்ப் பார்க்கிறேன்’ என்பதும் வேண்டாம். கார்பன் பிரேம் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். அல்ட்ராசவுண்ட் கருவியால் உள்ளே பார்ப்பவர்களும் உண்டு. பழுதான பகுதியைச் சீவி, புதிய அடுக்குகள் போட்டுச் சரிசெய்ய முடியும். நண்பரின் பிரேம் இன்றும் ஓடுகிறது. நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இறக்கும்போது

அவசரப்படும் நேரம் இது. வேலை முடிந்த சந்தோஷத்தில் கிளாம்பைத் திறந்துவிட்டு அப்புறம் சைக்கிளைப் பிடிக்கப் பாய்வார்கள். முதலில் டாப் டியூபின் அடியில் கை, எடை கைக்கு வந்தது தெரிந்த பிறகு திருகைத் தளர்த்துவது. இரண்டு சக்கரமும் தரையில் நின்றதும், மாற்றுப் போஸ்டை எடுத்து உங்கள் போஸ்டைப் போடுங்கள், ஒயர் இருந்தால் சேருங்கள், டேப் குறி காலரைத் தொடும்வரை இறக்குங்கள். எழுதி வைத்த அளவோடு சரிபாருங்கள். காலரை 5 நியூட்டன் மீட்டருக்கு, அல்லது அதில் பொறித்திருக்கும் எண்ணுக்கு இறுக்குங்கள். சக்கரத்தின் ஆக்சில் இரண்டையும் தொட்டுப் பாருங்கள், காலிப்பரிலிருந்து அட்டையை எடுத்தீர்களா என்று பாருங்கள், பிரேக் லீவரை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். சீட்டில் முழு எடையோடு உட்கார்ந்து எழுந்து, டேப் குறி அதே இடத்தில் இருந்தால் டேப்பை உரித்துவிட்டுக் கிளம்புங்கள்.